மூச்சு டீச்சர்

ஜன்னல் ஓரம் நீயே உட்கார் கண்ணு. எனக்கு இந்தப் பக்கம்தான் சௌகரியம், காலை நீட்டிக்கொள்ளலாம். பையா? அது மடியிலேயே இருக்கட்டும். மேலே தூக்கி வைத்தால் எனக்குப் பேச்சு ஓடாது. திருப்பூருக்குப் போகிறேன். பெரியவனுடைய பையனுக்கு நாளை மறுநாள் காதுகுத்து. நீ சேலத்தில் இறங்கிவிடுவாயா? சரி, அதுவரைக்கும் துணை ஆச்சு.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாய் பார், அறுபத்து நாலு வயசுக்காரியை யாரும் அப்படிக் கேட்கிறதில்லை. முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள், சர்க்கரை இருக்கிறதா என்று கேட்பார்கள். நீ கேட்டதனால் சொல்கிறேன். நான் டீச்சர். சிரிக்காதே. எட்டாவது வரைக்கும்தான் படித்தேன், அதிலும் கணக்கில் தோற்றுத்தான் நின்றேன். இருந்தாலும் டீச்சர்தான். மூச்சு டீச்சர் என்று சொன்னால் எங்கள் காப்பகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

காப்பகம் என்றால், வீடு இல்லாத பெண்கள் தங்குகிற இடம். சென்னையில் வடக்குப் பக்கம். பிளாட்பாரத்தில், பஸ் ஸ்டாண்டில், கோயில் வாசலில் படுத்துக் கிடந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு பேர். நான் அவர்களுக்குப் புத்தர் தியானம் சொல்லிக்கொடுக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். இப்போது நானும் அங்கேதான் தங்கியிருக்கிறேன். அதற்காக நீ வேறு மாதிரி நினைக்கக் கூடாது. எனக்கு வீடு இல்லாமல் இல்லை கண்ணு. எனக்கு மூன்று வீடு. பெரியவன் திருப்பூரில், சின்னவன் ஓசூரில், பெண் தேன்மொழி பெரம்பூரில். அவர் போன பிறகு விழுப்புரத்து வீடு எதற்கு என்று பிள்ளைகள் மூவரும் பேசி முடித்து, அம்மா எங்களோடேயே இருக்கட்டும் என்று முறை போட்டுக்கொண்டார்கள். சித்திரை முதல் ஆடி வரைக்கும் பெரியவன். ஆவணியில் இருந்து கார்த்திகை வரைக்கும் சின்னவன். மார்கழி, தை, மாசி, பங்குனி பெண் வீடு. நாலு நாலு மாதம். ஒரு நாள் கூடாது, ஒரு நாள் குறையாது. இதற்கென்று போனில் ஒரு குரூப்பே வைத்திருக்கிறார்கள், 'அம்மா' என்று பெயர். நான் அதில் இல்லை, எனக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாது. அதில் பேசி முடிவு செய்து எனக்குச் சொல்லிவிடுவார்கள். எந்தத் தாய்க்குக் கிடைக்கும் சொல்.

பெண் வீட்டில் இருக்கும்போதுதான் இந்தத் தியானம் எனக்கு வந்தது. அவளுக்கு வீட்டில் இருந்தபடியே ஆபீஸ். கம்ப்யூட்டரில் மீட்டிங் நடக்கும்போது என் பூஜை மணி கேட்கிறதாம். நான் வாய்விட்டு 'முருகா, முருகா' என்பதும் கேட்கிறதாம். "அம்மா, கொஞ்சம் வெளியே காத்தாட நடந்துட்டு வாயேன்" என்பாள். காலையில் டிபன் முடித்தால் மாலை ஐந்து மணி வரைக்கும் நடக்கச் சொல்வாள். என் உடம்பு மேல் அவளுக்கு அவ்வளவு அக்கறை.

ஆனால் எவ்வளவு நேரம் நடப்பது? கோயிலோ பன்னிரண்டு மணிக்குச் சாத்திவிடுவார்கள். மருந்துக்கடை நாற்காலியில் உட்கார்ந்தேன், பார்க்கில் உட்கார்ந்தேன், ரேஷன் கடை வராந்தாவில் உட்கார்ந்தேன். அப்படி ஒரு நாள் ஒரு மாடிப்படி ஓரத்தில் போர்டு பார்த்தேன். 'புத்தர் மன்றம். யாரும் வரலாம், அமைதியாக உட்காரலாம்.' மேலே போனால் ஃபேன் ஓடுகிறது, பாய் விரித்திருக்கிறது. எனக்கு வேறென்ன வேண்டும்?

அங்கே தம்மரத்தினம் ஐயா என்று ஒருவர். ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர். என் வயசுதான் இருக்கும். மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொடுத்தார். "உள்ளே வருது, வருதுன்னு தெரிஞ்சுக்கோங்க. வெளியே போகுது, போகுதுன்னு தெரிஞ்சுக்கோங்க. அவ்வளவுதாம்மா." மூச்சோடு முருகா என்று சேர்த்துச் சொல்லலாமா என்று கேட்டேன். பேர் எதுவும் வேண்டாம் என்றார். எனக்கு அது பெரிய சங்கடமாகப் போய்விட்டது. அன்றைக்கு வீட்டில் படத்துக்கு முன்னால் நின்று கேட்டுவிட்டேன், "அப்பனே, நீயும் எல்லாத்தையும் விட்டுட்டு மலை மேல போய் நின்னவன். உனக்கு இது புரியும். கோச்சுக்காதே." அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனாலும் உள்ளே போகிற மூச்சில் 'முரு' என்றும் வெளியே வருகிற மூச்சில் 'கா' என்றும் கொஞ்ச நாள் திருட்டுத்தனமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

தை மாதத்தில் அந்தக் காப்பகத்து மேனேஜர் ஜெயசீலி மேடம் மன்றத்துக்கு வந்தாள். அங்கே இருக்கிற பெண்கள் யாரும் ராத்திரியில் தூங்குவதில்லை, ஒருத்திக்கு ஒருத்தி சண்டை, யாராவது வந்து தியானம் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டாள். ஐயா யோசித்தார். "பொம்பளைங்க தங்கற இடம். ஆம்பளை நான் போய் கண்ணை மூடுங்கன்னு சொன்னா யார் மூடுவாங்க?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தெய்வானையம்மா, நீங்க போங்களேன்."

என் பெயரை ஒருவர் முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று அப்போதுதான் நினைத்தேன். சரி என்றுவிட்டேன். செவ்வாய்க்கிழமை நாலு மணி என்று வைத்துக்கொண்டோம். செவ்வாய் முருகனுக்கு உகந்த நாள், எனக்கு விரதமும் கூட. புத்தருக்கு எந்தக் கிழமையானாலும் ஆட்சேபணை இல்லை என்றார் ஐயா.

முதல் நாள் கூத்தைக் கேள். பெரிய கூடம், பச்சை பெயின்ட் அடித்த சுவர், சுவரோரமாக இரும்புக் கட்டில்கள். பத்துப் பேர் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் எல்லோர் மடியிலும் ஒரு பை. துணிக்கடைப் பை, அரிசிச் சாக்கு, மஞ்சள் பை. நான் வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வந்த பேச்சை ஆரம்பித்தேன். பற்றுதான் துன்பத்துக்குக் காரணம், பையை எல்லாம் கொண்டுபோய்ச் சுவரோரம் வையுங்கள், கை லேசாக இருந்தால்தான் மனசு லேசாகும் என்று சொன்னேன். ஒருத்தியும் அசையவில்லை.

கன்னியம்மா என்று ஒருத்தி, மீன் விற்றவள், வாய் என்றால் வாய் அப்படி ஒரு வாய். "டீச்சரே, நீ இன்னாத்துக்கு உன் பைய மடில வெச்சிகினு கீற?" என்றாள்.

"இதுலே என் மாத்திரை இருக்கு, ஆதார் இருக்கு, பேங்க் புஸ்தகம் இருக்கு. என் வீட்டுக்காரர் போட்டோ இருக்கு."

"எங்க பைல மட்டும் இன்னா, கல்லா கீது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சரி, பை மடியிலேயே இருக்கட்டும், அது ஒன்றும் பெரிய பற்று இல்லை என்று சொல்லிவிட்டேன். டீச்சர் என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் தெரிய வேண்டும்.

அடுத்து கண்ணை மூடச் சொன்னேன். இங்கேதான் பெரிய தகராறு. மூடச் சொன்னதும் நாலு பேர் மூடினார்கள், ஆறு பேர் மூடவில்லை. மூடாதவர்களைப் பார்த்து மறுபடியும் சொன்னேன். அவர்கள் மூடினார்கள், மூடியிருந்த நாலு பேர் திறந்துவிட்டார்கள். நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், எப்போது பார்த்தாலும் பாதிப் பேர் கண் திறந்திருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

கன்னியம்மாதான் விளக்கினாள். "கோச்சுக்காத டீச்சரே. பிளாட்பாரத்துல எல்லாரும் ஒண்ணா கண்ண மூடமாட்டோம். முறை போட்டுக்குவோம். பாதிப் பேரு தூங்கினா பாதிப் பேரு முழிச்சிருக்கணும். எல்லாரும் மூடிட்டா, எவனாவது வந்து பைய தூக்கினு பூடுவான். இல்லாங்காட்டி ஆளையே தூக்குவான்."

"இங்கேதான் கதவு இருக்கே, தாழ்ப்பாள் இருக்கே."

"கதவு கீது. கண்ணுக்கு அது தெரியலையே."

தம்மரத்தினம் ஐயாவிடம் போய் இதைச் சொல்லி என்ன செய்வது என்று கேட்டேன். அவர் மோவாயைத் தடவினார். "தெரியலையேம்மா. நாற்பது வருஷமா கண்ணை மூடுங்கன்னுதான் சொல்லிட்டிருக்கேன். ஏன்னு யாரும் கேட்டதில்லை" என்றார். அவராலேயே முடியாததை நான் தீர்த்துவைத்தேன் பார். அவர்கள் வழக்கத்தையே வகுப்பில் சேர்த்துவிட்டேன். ஐந்து பேர் கண்ணை மூடி மூச்சைப் பார்க்க வேண்டியது, ஐந்து பேர் கண்ணைத் திறந்து அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியது. பத்து நிமிஷம் கழித்து முறை மாற்றம். நான் கைதட்டுவேன். அதுவரைக்கும் பேசிக்கொண்டே இருப்பேன். மூச்சு வருகிறதா, போகிறதா, அதைப் பாருங்கள், இதைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தால்தானே அவர்களுக்கு மனசு அலையாது? "டீச்சரே, நீ எப்பத்தான் மூச்சு வுடுவ?" என்று கன்னியம்மா கேட்பாள். என் உழைப்பு அவளுக்குப் புரிந்திருக்கிறது.

புத்தர் கதையும் சொன்னேன். அவர் ராஜா வீட்டுப் பிள்ளை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தார் என்றேன். ஷரீபா என்று ஒருத்தி, தையல் தெரிந்தவள், பொறுப்பாகக் கேட்டாள். "அவரை யாரு வீட்டை விட்டுத் துரத்தினாங்க?"

"யாரும் துரத்தலை. அவரா வந்தார்."

"பெண்டாட்டி, புள்ளைங்க?"

"ஒரு பெண்டாட்டி, ஒரு பச்சைக் குழந்தை. அவங்க தூங்கிட்டிருக்கும்போது…" என்று ஆரம்பித்து, அப்புறம் சொல்லாமலேயே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

"என் ஊட்டுக்காரனும் அப்டித்தான் போனான்" என்றாள் கன்னியம்மா. "அவனுக்கு எந்த ஊர்ல சிலை கீது, சொல்லு, ஒரு மாலை வாங்கினு போறேன்."

அன்றைக்குத் தியானம் நடக்கவே இல்லை. ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். புத்தர் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவருடைய பெண்டாட்டியும் எங்கேயோ இருந்து சிரித்திருப்பாள்.

வகுப்பு முடிகிறபோது எல்லா உயிரும் நலமாக இருக்க வேண்டும் என்று மனசுக்குள் வாழ்த்த வேண்டும். இதுவும் ஐயா சொன்னதுதான். கன்னியம்மா கை தூக்கினாள். "எல்லாருமேவா? என் கொழுந்தன் கூடவா?"

"அவரும்தான்."

"அப்ப அவன அடுத்த வாரத்துக்கு வெச்சிக்கிறேன்."

பத்துப் பேரில் ஒருத்தி மட்டும் முறை வந்தாலும் கண்ணை மூட மாட்டாள். செங்கமலம் என்று பெயர். ஐம்பத்தைந்து வயசு இருக்கும், பேச மாட்டாள், முதுகை நேராக வைத்துக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒன்பது வருஷம் ஒரு பஸ் ஸ்டாண்டு வாசலில் இருந்தவளாம். அங்கே இருந்த பெண்களுக்கெல்லாம் இவள்தான் காவல். காப்பகத்துக்கு வந்த பிறகும் கட்டிலில் படுக்க மாட்டாள், உட்கார்ந்தபடியேதான் தூக்கம். "அடுத்த வாரம் மூடறேன்" என்பாள். எனக்கு எப்படியாவது அவளைக் கண் மூட வைத்துவிட வேண்டும் என்று ஆசை. பங்குனி முடிவதற்குள் செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ஏனென்றால் சித்திரை ஒன்றாம் தேதி நான் திருப்பூரில் இருக்க வேண்டுமே. நான் போனால் வகுப்பை எடுக்க ஆள் கிடையாது.

பங்குனியில் மூன்றாவது செவ்வாய். விரதம் வேறு, வெயில் வேறு. நான் பேசிக்கொண்டே இருந்தேன். செங்கமலம் வாயைத் திறந்தாள். "டீச்சர், நீங்க ஒருநாளும் மூடினதில்லையே."

"நான் மூடினா உங்களை யார் பார்க்கிறது?"

"நாங்க பார்த்துக்கறோம். நீங்க மூடுங்க."

இதென்ன, அவர்களுக்குச் செய்து காட்டுகிறதும் டீச்சர் வேலைதானே என்று மூடினேன். பத்துப் பேரும் கண் திறந்திருந்தார்கள். ஒருத்தரும் பேசவில்லை. மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. அவ்வளவுதான் தெரியும். அப்புறம் கண்ணைத் திறந்தால் கூடத்தில் லைட் போட்டிருக்கிறது, மணி ஏழரை. தலைக்குக் கீழே யாரோ துணி மடித்து வைத்திருக்கிறார்கள், மேலே ஒரு போர்வை. பை என் கைக்குள்ளேயே இருக்கிறது. செங்கமலம் பக்கத்தில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"கொறட்டைன்னா கொறட்டை, டீச்சரே" என்றாள் கன்னியம்மா. "மேடம் வந்து லாரியான்னு கேட்டுச்சி."

அது தூக்கம் இல்லை கண்ணு. ஆழ்ந்த தியானம். ரொம்ப ஆழமாகப் போகிறவர்களுக்கு அப்படிச் சத்தம் வரும் என்று நினைக்கிறேன். அவசரமாகப் போனை எடுத்துப் பார்த்தேன், பெண் தேடியிருப்பாளே என்று. ஒரு அழைப்பும் இல்லை. பாவம், அம்மா கோயிலில் இருப்பாள் என்று நிம்மதியாக இருந்திருக்கிறாள்.

அப்புறம்தான் தேன்மொழியிடம் கேட்டேன். இன்னும் இரண்டு மாதம் இங்கேயே இருக்கட்டுமா, வகுப்பு பாதியில் நிற்கிறது என்று. "அம்மா, லீவுக்கு அவங்க அப்பா அம்மா வராங்க, ரூம் வேணும். அதுவுமில்லாம முறையை மாத்தினா அண்ணி பேசுவாங்க" என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தானே. மேடமும் ஒன்று சொன்னாள், ஆள் இல்லை என்றால் செவ்வாய் நாலு மணிக்கு ஊதுவத்தி உருட்டக் கற்றுக்கொடுக்க ஒருவர் தயாராக இருக்கிறார், அவருக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று. நான் அழுதுவிட்டேன். சித்திரை முதல் செவ்வாயில் இருந்து போனில் வகுப்பு எடுக்கிறேன், மேடம் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தால் போதும் என்று கேட்டுக்கொண்டேன். சித்திரை முடிகிற வரைக்கும் பார்க்கலாம் என்றாள்.

திருப்பூரில் பெரியவன் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றுகொண்டு, செவ்வாய்தோறும் நாலு மணிக்குக் கத்துவேன். "மூச்சு வருதா?" அங்கிருந்து பத்துப் பேரும், "வருது டீச்சர்!" "போகுதா?" "போகுது டீச்சர்!" பக்கத்து வீட்டுக்காரர் மருமகளிடம் வந்து, உங்கள் மாமியாருக்கு வீசிங்கா என்று கேட்டுவிட்டுப் போனார். மருமகள் தங்கமானவள், என்னிடம் எதுவும் சொல்லவில்லை. என் மகனிடம்தான் சொன்னாள்.

நாலாவது வாரம் கன்னியம்மாவைக் கேட்டேன், செங்கமலம் கண்ணை மூடுகிறாளா என்று.

"எங்க மூடுது? கதவையே பாத்துகினு கீது."

"இன்னும் பயமா அவளுக்கு?"

"பயமெல்லாம் இல்ல. நீ வருவியாம், வரும்போது யாராவது தாழ்ப்பாளைத் திறக்கணுமாம்."

அதைக் கேட்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்த வாரமே மேடம் சொல்லிவிட்டாள், அடுத்த வாரத்தில் இருந்து போன் வகுப்பு கிடையாது, ஆள் நேரில் இருக்க வேண்டும் என்று. முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். அவன் எதுவும் சொல்லவில்லை. மூச்சு மட்டும் வந்தது, போனது. சரி, இதுதான் உத்தரவு என்று எடுத்துக்கொண்டேன். பெரியவனிடம், சென்னையில் எனக்கு டீச்சர் வேலை, போக வேண்டும் என்றேன். "முறை முடியறதுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கேம்மா" என்று பதறினான். அந்த மூன்று மாதத்தை யார் கணக்கிலும் வைக்க வேண்டாம் என்றேன். உடனே பஸ்ஸில் ஏற்றிவிட்டான். பாசக்காரப் பிள்ளை.

பஸ் ஏறின பிறகுதான் எனக்கே உறைத்தது, சென்னையில் எங்கே தங்குவது? பெண் வீட்டில் சம்பந்தி இருக்கிறார்கள். நேராகக் காப்பகத்துக்குப் போனேன். கதவைத் தட்டவே இல்லை, செங்கமலம் திறந்துவிட்டாள். என்னைப் பார்த்து அவர்கள் போட்ட கூச்சலில் மேடம் ஓடி வந்தாள்.

டீச்சருக்கு ஒரு மூலை கொடுங்கள் என்று கேட்டேன். மேடம் கையைப் பிசைந்தாள். "அம்மா, இங்கே வீடு இல்லாதவங்களைத்தான் சேர்க்க முடியும். டீச்சரைத் தங்க வைக்க ரூல் இல்லை. செக்கிங் வந்தா என் வேலை போயிடும்." சரி, இருந்தாலும் ஃபாரத்தைப் பார்க்கலாம் என்று எடுத்து வந்தாள். பெயர் எழுதினாள். வயசு எழுதினாள். "சொந்தமா, உறவுக்காரங்க மூலமா, வீடு ஏதாவது இருக்கா?"

"மூணு வீடு இருக்கு" என்றேன் பெருமையாக. பொய் சொல்லலாமா, அதுவும் தியானம் சொல்லிக்கொடுக்கிறவள்?

மேடம் பேனாவை மூடிவிட்டாள். அவ்வளவுதான், ஊதுவத்தி உருட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

கன்னியம்மா முன்னால் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். "டீச்சரே, நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. மூணு வூட்ல எந்த வூட்டு சாவி உன் கைல கீது?"

"சாவி எதுக்கு? எப்பவும் யாராவது வீட்டில் இருப்பாங்க."

"எந்த வூட்டு பீரோல உன் பொடவை கீது?"

"பீரோவில் இடம் ஏது, அவங்க துணிக்கே பத்தலை. எனக்குப் பைதான் சௌகரியம்."

"இன்னிக்கி நீ எந்த வூட்டுக்குப் போனா, வான்னு சொல்லுவாங்க?"

"இன்னைக்கா? இன்னைக்கு முறை பெரியவனுது. ஆனா அவன்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேனே. சின்னவன் முறை ஆவணியில்தான். பெண் வீட்டில் ரூம் இல்லை." நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். "இன்னைக்கு மட்டும்தான் கொஞ்சம் சிக்கல்."

கூடத்தில் ஒருத்தரும் பேசவில்லை. வகுப்பில் கூட அப்படி ஓர் அமைதி வந்ததில்லை. எனக்கே ஆச்சரியம், இத்தனை நாள் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை என்று. மேடத்துக்குச் சளி பிடித்திருந்தது போல, மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவைத் திறந்தாள். வீடு என்கிற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். நான் தடுத்தேன். "சும்மா பேருக்குத்தாம்மா" என்றாள். டீச்சர் என்று எழுத அந்த ஃபாரத்தில் கட்டமே கிடையாதாம், அதனால்தான். எப்படியாவது வகுப்பு நிற்கக் கூடாது என்று அவளுக்கு எவ்வளவு அக்கறை பார்.

கடைசியாக ஒரு கட்டம். "எத்தனை நாள் தங்க உத்தேசம்?" என்று படித்தாள்.

என் வாய் தானாகச் சொல்லிவிட்டது, "நாலு மாசம்னு எழுதிக்கோங்க."

"எதுக்கு நாலு?" என்று செங்கமலம் கேட்டாள். அவள் எழுந்து வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

எப்போதும் நாலுதான். வேறு எதுவும் என் வாய்க்குப் பழக்கம் இல்லை.

"அந்தக் கட்டத்தை விட்டுடுங்க மேடம்" என்றாள் செங்கமலம். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"செக்கிங்ல கேட்டா?"

"மறந்துட்டீங்கன்னு சொல்லுங்க."

மேடம் மறந்துவிட்டாள். அப்படியே ஃபைலில் வைத்து மூடினாள். கதவோரம் செங்கமலத்தின் கட்டிலுக்கு அடுத்த கட்டில் எனக்கு. பெண்ணுக்குப் போன் செய்து, காப்பகத்தில் குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் குரூப்பில் போட்டாளாம், மூன்று பேரும் கைதட்டுகிற பொம்மை போட்டார்களாம். அம்மா இந்த வயசில் வேலைக்குப் போகிறாள் என்று அத்தனை பெருமை. இது ஏழாவது மாதம். வகுப்பில் இப்போது பதினாறு பேர். நான் முன்பு போல நிறுத்தாமல் பேசுவதில்லை, கொஞ்சம் பழகிவிட்டார்கள்.

பெரியவன் காலையில் போன் செய்து, "எத்தனை நாள் இருப்பேம்மா?" என்றான். இரண்டே நாள், செவ்வாய்க்கு வகுப்பு இருக்கிறது என்றதும் எவ்வளவு சந்தோஷம் அவனுக்கு! வா வா என்றான்.

இன்றைக்குக் கிளம்பும்போது காப்பகத்து வாசலே அடைத்துப்போயிற்று கண்ணு. சீக்குக்காரிகள் கூட எழுந்து வந்துவிட்டார்கள். ஷரீபா பேரப் பிள்ளைக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள், இதோ, பையில் மேலாக இருக்கிறது பார். ஆட்டோ ஏறுகிற வரைக்கும் ஒருத்தி விடாமல் எல்லோரும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எப்போ வருவீங்க டீச்சர், எப்போ வருவீங்க.